ஐம்பது ஹெர்ட்ஸ்

சாலிகிராமத்தில், மாவு மில்லுக்கு மேல் மாடியில்
பகலெல்லாம் சீரியல் அழுகைகளுக்கு எக்கோ போடுகிறவள் நான்.
மாமியார் அழுதால் கொஞ்சம், மருமகள் அழுதால் நிறைய.
இரவு பத்துக்கு மேல் அறை வாடகை பாதி.
அந்தப் பாதியில் வந்தவன் மீட்டர்.

ஆதாரில் ஏசுபாதம், கொருக்குப்பேட்டை.
ஒரு மூச்சில் நாற்பது சொல் என்று
யாரோ எண்ணிச் சொல்லி, அதுவே பட்டமாகிவிட்டது.
தண்ணி லாரி, இன்ஸ்பெக்டர், காதலித்தவளின் அண்ணன்
எல்லோரும் அந்த நாற்பதுக்குள் நசுங்கிக்கொண்டு நிற்பார்கள்,
காலை எட்டரை மணி மின்ட் பஸ் மாதிரி.

இந்த முறை தாள் கொண்டுவரவில்லை.
பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸ் டெரிலைக் கூட்டி வந்தான்.
டெரிலோடு ஒரு கிட்டார்,
ரிச்சி தெருவில் பிரித்துச் சேர்த்த ஏழு பெடல்கள்
(ஒன்றுக்கு பால்கோவா டப்பாதான் உடம்பு),
நாடா தேய்ந்த ஒரு கேசட் எக்கோ.
"பாட்டு கரையணும்க்கா" என்றான் மீட்டர்.
சர்க்கரை மாதிரியா?
"இல்ல. வெள்ளத்துல செவுரு கரையுற மாதிரி."

வெளியே டிரான்ஸ்ஃபார்மர் ம்ம்ம் என்றது.
பதினொரு வருஷமாய் அந்த ம்ம்மை
வெட்டி எறிவதுதான் என் பிழைப்பு.
எர்த்தை முறுக்கினேன். கேபிளை மாற்றினேன்.
டெரில் வேண்டாம் என்று கை காட்டிவிட்டு
ஐந்தாம் கம்பியைத் தளர்த்தி, தளர்த்தி,
சரியாக ஒரு ஸ்தாயி மேலே
ம்ம்மின் தோளில் உட்கார வைத்தான்.
தெரு முழுக்க சுருதிப்பெட்டி ஆயிற்று.
நாங்கள் மூன்று பேர்.
விருகம்பாக்கம் சப் ஸ்டேஷன் நான்காவது ஆள்.

இரண்டு இரவு கிட்டார் மட்டும்
பின்னோக்கி ஓடியது, வீங்கியது, கழிமுகத்து எண்ணெய் போல்
நிறம் நிறமாய்ப் படர்ந்தது.
மீட்டர் மூலையில் சம்மணமிட்டு
ஒரு பரோட்டா பார்சலைப் பிரிக்காமல் வைத்திருந்தான்.

மூன்றாம் இரவு சொன்னான்.
அண்ணன் நெகேமியா. புயலுக்கு மறுநாள்,
தண்டையார்பேட்டையில், கம்பத்தின் மேல்.
யாரோ எங்கோ சுவிட்சைப் போட்டுவிட்டார்கள்.
பக்கத்துத் தெரு ஓவென்று கத்தியது,
கரண்ட் வந்த சந்தோஷத்தில்.

ஆபீஸ் ஜன்னலில் ரிஜிஸ்டரைப் புரட்டியவர்
தலை நிமிராமல் மூன்று சொல் சொன்னார்.

இதை நாற்பது சொல்லில் எழுதிப் பார்த்தானாம்.
பீட்டில் அழகாக உட்கார்ந்ததாம்.
உட்கார்ந்ததுதான் பிடிக்கவில்லை.

மைக்கிடம் போனான். ஒரே ஒரு முறை,
ஆபீஸ்காரரின் சலிப்போடே:
எங்க ஆள் இல்ல.

கேசட் எக்கோ அதை வாங்கிக்கொண்டது.
எங்க ஆள் இல்ல, எங்க ஆள் இல்ல,
தேய்ந்த நாடா வாலை முதலில் தின்றது.
எங்க ஆள் இல்
எங்க ஆள்
எங்க ஆள்
டெரிலின் கிட்டார் எழும்பி வந்து அதைத் தோளில் தூக்கிக்கொண்டு
நாலு நிமிஷம் தெருத்தெருவாய்ப் போனது.
ஆறாவது நிமிஷமோ என்னவோ,
யாரும் எதையும் தொடவில்லை, எழுத்தொன்றும் மாறவில்லை,
அது கேட்க ஆரம்பித்தது:
எங்க
ஆள்

ஒன்பது நிமிஷம் பன்னிரண்டு வினாடி. ஃபேடரைக் கீழே இறக்க
என் விரல் வரவில்லை. கீழே மில்லில்
யாரோ ஷட்டரைத் தூக்கும்போது நின்றது. அந்தச் சத்தமும் உள்ளே இருக்கிறது.

ஆல்பத்துக்கு 'புயல் கூண்டு' என்று பெயர்.
கிண்டியில் ஒரு காலேஜ் விழாவில்
பையன்கள் இரண்டு நிமிஷம் பொறுத்தார்கள்.
பிறகு "ஸ்பீடா பாடுறா" என்று விசில்.
மீட்டர் கண்ணைத் திறக்கவில்லையாம்.
முன் வரிசையில் ஒருத்தி செருப்பைக் கழற்றிவிட்டு
வெறுங்காலோடு நின்றாளாம். டெரில் சொன்னது; ஏன் என்று தெரியாது.

போன செவ்வாய் ஒரு மருமகள் அழுதாள், எபிசோட் நானூற்று ஆறு.
நிறைய எக்கோ போட்டேன்.
"பின்னாடி யாரும்மா முனகுறது?" என்றார் தயாரிப்பாளர்.
வாய் வரைக்கும் வந்தது.

ஐம்பதில் ஒரு கீறல், நூறில் ஒரு கீறல்.
வெட்டினேன்.
அழுகை படு சுத்தம்.